பாயக் கற்கும் இளங்குதிரை

பாடசாலை விடுமுறைக்குச் சில நாட்களுக்கு முன்னர், ஒன்பதாந் தர மாணவர் சிலரை அழைத்துக்கொண்டு நெடுந்தீவுக்குச் சென்றிருந்தோம். குறிகட்டுவான் துறையிற் படகேறி, அலையின் ஆட்டத்தினால் இருவர் வாடி வதங்க, ஒருவாறு தீவை அடைந்தபோது வெயில் ஏறிவிட்டது. பழைய கோட்டையின் இடிபாடுகளையும் பெருக்குமரத்தையும் காட்டினோம். மாணவர் எல்லாவற்றையும் மரியாதைக்காகப் பார்த்தார்கள். அவர்களுடைய மனம் முழுவதும் குதிரைகளிலேயே இருந்தது.

போர்த்துக்கேயர் காலத்திற் கொண்டுவரப்பட்டு, பின்வந்த ஒல்லாந்தர், ஆங்கிலேயர் காலங்களிலும் வளர்க்கப்பட்ட குதிரைகளின் வழித்தோன்றல்கள் இன்றும் அத்தீவின் வெளிகளிலே கட்டுக்காவலின்றித் திரிகின்றன. உருவிற் சிறியவை, கோடையில் நீருக்கு வாடுபவை, ஆயினும் பிடரி மயிர் காற்றில் அலைய அவை கூட்டமாக நடந்து செல்லும் காட்சி கண்ணுக்கு இனியது.

நெடுந்தீவிலே வேலிக்குப் பதிலாகப் பவளக் கற்களை அடுக்கி மதில் கட்டுவது வழக்கம். அத்தகைய மதிலொன்று ஓரிடத்திற் சரிந்து முழங்கால் உயரமாய்க் கிடந்தது. தாய்க்குதிரை நடந்தபடியே அதனைக் கடந்து அப்பாற் சென்றது. பின்னால் வந்த குட்டி சரிந்த கற்களுக்கு முன்னே நின்றது. தலையைத் தாழ்த்தி முகர்ந்தது. இரண்டடி பின்வாங்கியது. பின்னர் கால்களை ஒருங்கே கூட்டி, வேண்டியதற்கு இருமடங்கு உயரம் எழும்பி, மறுபுறங் குதித்து, ஓடிச்சென்று தாயின் விலாவோடு ஒட்டிக்கொண்டது. மாணவர் கைதட்டி ஆரவாரித்தனர்.

அப்போது எமக்கு அருகில் நின்ற மாணவன் ஒருவன், "சேர், ஆள் மேல இருந்தால் அது இப்படிப் பாயுமோ?" என்று மெல்லக் கேட்டான். அவன் கேள்வி கேட்பவன் அல்லன். அதுபற்றிப் பின்னர் சொல்வோம். எமக்கு அப்போது தக்க விடை தெரியவில்லை. "பழக்கினாற் பாயும்" என்று சொல்லி வைத்தோம். அது விடையாகாது என்பதை அவன் முகமே காட்டியது. வீடு திரும்பிய பின்னர் பல நாள் இரவில் நூல்களைப் புரட்டித் தெரிந்துகொண்டவற்றை இவ்வாரம் வாசகர்களுடன் பகிர்ந்துகொள்ள விரும்புகின்றோம்.

குதிரையும் தமிழரும்

குதிரை நமக்குப் புதிதன்று. அதன் நடையை ஐங்கதி என வகுத்துப் பெயரிட்டவர்கள் நம் முன்னோர். பாண்டியனுக்குக் குதிரை வாங்கச் சென்ற மணிவாசகரின் கதையை அறியாத சைவப் பிள்ளை இல்லை. ஆனால் குதிரையை வாங்குவது வேறு, வளர்ப்பது வேறு. 13 ஆம் நூற்றாண்டின் இறுதியிற் பாண்டிநாட்டுக் கரையைக் கண்ட மார்க்கோ போலோ என்னும் வெனிஸ் நகரத்து வணிகர், ஆண்டுதோறும் பெருந்தொகையான குதிரைகள் கடல் வழியே அங்கு வந்து இறங்கியதையும், அவற்றைப் பேணும் முறை அறிந்தோர் இல்லாமையால் அவற்றுட் பல மடிந்துபோனதையும் எழுதிவைத்துள்ளார். பொன் கொடுத்துக் குதிரையை வாங்கலாம். அதனை வளர்க்கும் பொறுமைக்கு விலை இல்லை.

குதிரையைப் பாயப் பழக்கும் கலை பழங்காலக் கிரேக்கத்திலேயே எழுத்தில் இடம்பெற்றுவிட்டது. கி. மு. 4 ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த செனபோன் என்னும் போர்வீரர் குதிரையேற்றம் பற்றி ஒரு நூல் செய்தார். பாயத் தெரியாத குதிரைக்கு முதலிற் சிறு பள்ளங்களைக் காட்டிப் பழக்கிய பின்னரே பெரியவற்றுக்குப் போகவேண்டும் என்ற முறை அதிலே காணப்படுகின்றது. சிறிதிலிருந்து பெரிதுக்கு என்னும் இவ்விதி அன்று தொட்டு இன்றுவரை மாறவில்லை. ஆனால் குதிரையின் மேல் அமர்ந்திருப்பவன் என்ன செய்யவேண்டும் என்பதில் மட்டும் மனிதர் நெடுங்காலம் தவறியே வந்தனர்.

இத்தாலிய வீரர் கண்ட உண்மை

குதிரை தடையை நோக்கிப் பாயும்போது அதன்மேல் இருப்பவன் உடலைப் பின்னே சாய்த்து, கடிவாள வாரை இறுகப் பிடித்துக்கொள்ள வேண்டும் என்பதே ஐரோப்பியக் குதிரைப்படைகளில் நிலவிய கொள்கை. அவ்வாறு செய்தால் குதிரையின் முன்னங்கால்கள் நிலத்தில் மோதி முறியாமற் காக்கலாம் என அவர்கள் நம்பினர். பாவம் குதிரை! எழும்பும் ஒவ்வொரு முறையும் வாயிலே கடிவாளம் வெட்டும். முதுகிலே ஆளின் பாரம் அறையும். பாய்தல் என்றால் நோவு என்பதே அது கற்றுக்கொண்ட முதற் பாடமாயிற்று.

இக்கொள்கையை மாற்றியவர் பெடரிக்கோ கப்ரில்லி என்னும் இத்தாலியக் குதிரைப்படை அதிகாரி. 1868 இல் லிவோர்னோ நகரிற் பிறந்தவர். அவர் செய்தது மிக எளிய காரியம். ஆளில்லாத குதிரை தன்னிச்சையாகப் பாயும்போது எவ்வாறு பாய்கின்றது என்று கூர்ந்து பார்த்தார். நிழற்படங்களையும் வைத்து ஆராய்ந்தார். அது கழுத்தை நீட்டித் தலையைத் தாழ்த்துகின்றது, முதுகை வில்போல் வளைக்கின்றது, முன்னங்கால்களிலேயே இறங்குகின்றது. அப்படியானால் ஆளும் அதற்கு இசைந்துபோக வேண்டுமேயன்றி, அதனை இழுத்துப் பிடிக்கலாகாது என அவர் முடிவு கட்டினார். அங்கவடியின் வாரைக் குறுக்கி, முதுகிலிருந்து பாரத்தை எடுத்து, உடலை முன்னே சாய்த்து, குதிரையின் வாய் போகும் வழியே கையையும் போகவிட வேண்டும் என்பதே அவர் வகுத்த முறை.

மேலதிகாரிகள் முதலில் இதனை ஏற்கவில்லை. ஆனால் 1902 இல் தூரின் நகரில் மெலோப்போ என்னும் குதிரையில் அவர் 2.08 மீற்றர் உயரம் பாய்ந்து காட்டியபோது எதிர்ப்பு அடங்கத் தொடங்கியது. பினரோலோவிலும் தோர் தி குயின்றோவிலும் இருந்த குதிரைப்படைப் பள்ளிகளில் அவரது முறையே பாடமாயிற்று. பிறநாட்டு அதிகாரிகள் அங்கு வந்து கற்றுச் சென்றனர். இன்று உலகெங்கும் தடை பாயும் குதிரைவீரர் அனைவரும் அறிந்தோ அறியாமலோ கப்ரில்லியின் மாணவர்களே.

அவருடைய முடிவு துயரமானது. எத்தனையோ மதில்களைப் பாய்ந்து கடந்த அவர், 1907 ஆம் ஆண்டு மார்கழியில், தூரின் நகரத்தில் மெல்ல நடந்து சென்ற குதிரையிலிருந்து விழுந்து உயிர் நீத்தார். அப்போது அவருக்கு வயது 39.

ஆகவே எம் மாணவனின் கேள்விக்கு முதற் பாதி விடை கிடைத்துவிட்டது. ஆள் மேலே இருந்தாலும் குதிரை தன்னியல்பாகவே பாயும். ஆனால் அந்த ஆள் குறுக்கே நிற்கலாகாது.

நான்கு வேகம், நான்கு பாடம்

மறுபாதி விடை, குட்டியை எப்படிப் பழக்குவது என்பது. இதற்குக் குதிரையின் வேகங்களை அறிதல் வேண்டும். முதலாவது நடை. நான்கு குளம்பும் ஒன்றன்பின் ஒன்றாக நிலத்திற் படும். காதுக்கு நான்கு ஒலி. இரண்டாவது துள்ளோட்டம். மூலைவிட்டமாக அமைந்த இரண்டு கால்கள் ஒருங்கே படும். ஆகவே இரண்டு ஒலி. மூன்றாவது தாவோட்டம். அதற்கு மூன்று ஒலியும் அவற்றின் பின் ஒரு கணம் நிலந்தொடா நிலையும் உண்டு. நான்காவது, நாம் பேச்சு வழக்கில் நாலுகாற் பாய்ச்சல் என்று சொல்லும் முழுவேகம்.

இளங்குதிரையை எடுத்த எடுப்பிலே தாவோட்டத்தில் தடைக்கு விரட்டுவது அறியாதவர் செயல். அறிந்தவர்கள் முதலில் அதன் வயதைப் பார்ப்பார்கள். குதிரையின் முதுகெலும்பு ஐந்து, ஆறு வயதளவிலேதான் முற்றாக வலுப்பெறும். ஆகவே நான்கு வயதுவரை ஆளைச் சுமந்துகொண்டு உயரத் தடைகளைப் பாய விடுவதில்லை. அதற்கு முன்னர் நடப்பதும், திரும்புவதும், நில் என்றால் நிற்பதும், போ என்றால் மனமுவந்து போவதுமே பாடம்.

பின்னர் ஒரே ஒரு மரத்தண்டை வெறுந்தரையிலே கிடத்துவார்கள். உயரம் ஒன்றுமில்லை. குதிரை அதை முகர்ந்து, பார்த்து, காலைத் தூக்கி நடந்து கடக்கும். இது விளையாட்டுப்போலத் தோன்றும். ஆனால் எல்லாம் இதிலேதான் தொடங்குகின்றது. பின் தண்டுகள் மூன்று நான்காகும். நடைக்கு அவற்றின் இடைவெளி இரண்டரை அடி முதல் மூன்று அடி. துள்ளோட்டத்துக்கு நான்கு முதல் நாலரை அடி. தாவோட்டத்துக்கு ஒன்பது அல்லது பத்து அடி. இடைவெளி பிழைத்தாற் குதிரையின் தாளம் பிழைக்கும். ஆகவே வேகத்தை மாற்றும்போதெல்லாம் பழக்குபவர் இறங்கி வந்து தண்டுகளையும் மாற்றி வைக்கின்றார். தண்டுக்கு ஏற்பக் குதிரை கால் வைக்க வேண்டுமென்று அவர் கேட்பதற்கு முன், குதிரையின் காலுக்கு ஏற்பத் தண்டை வைக்கின்றார் என்பதைக் கவனிக்க வேண்டும். எக்ஸ் வடிவக் கட்டைகளின் மேலே தண்டை ஏற்றிச் சற்றே உயர்த்துவதும் உண்டு. இதற்குக் கவலெத்தி என்று பெயர். இத்தாலிய மொழியிலே அதன் பொருள் சிறுகுதிரைகள் என்பதாம்.

முதற் சிறு பாய்ச்சல்களை நடையிலும் துள்ளோட்டத்திலுமே கற்பிக்கின்றார்கள். இரு தண்டுகளைக் குறுக்கே சாய்த்து, நடுவில் ஒன்றரை அடி உயரம் வருமாறு நிறுத்துவர். நடு தாழ்ந்திருப்பதாற் குதிரை தானாகவே நடுவை நாடும். அதற்கு எட்டு அல்லது ஒன்பது அடி முன்னால் ஒரு தண்டைத் தரையிற் கிடத்துவர். துள்ளோட்டத்தில் வரும் குதிரை அத்தண்டைக் கடந்ததும் எழும்பவேண்டிய இடத்திலே தானாகவே வந்து நிற்கும்.

மெல்லிய வேகத்தில் ஏன் தொடங்குகின்றார்கள்? காரணம் மூன்று. முதலாவது, மெதுவாக வரும் குதிரைக்குத் தடையைப் பார்க்கவும் சிந்திக்கவும் நேரம் உண்டு. இரண்டாவது, ஓட்டத்தின் உந்துதல் உதவாமையால் அது பின்னங்கால்களை மடக்கித் தன் சொந்த வலுவினாலேயே எழும்ப வேண்டும். அதனால் தசைகள் உரம் பெறும். மூன்றாவது, மனம் கலங்காது. வேகத்தோடு வரும் கலக்கம் வேறு, வேகம் வேறு என்பதை இளங்குதிரை அறியாது. முதலில் அமைதியைக் கற்ற குதிரை பின்னர் வேகத்திலும் அமைதியாய் இருக்கும். முதலில் வேகத்தைக் கற்ற குதிரைக்குப் பின்னர் அமைதியைக் கற்பிப்பது பெரும்பாடு.

இவை கைவந்த பின்னரே தாவோட்டம். உண்மையில் தாவோட்டத்தின் ஒவ்வோர் எட்டும் ஒரு சிறு பாய்ச்சலே. தடை பாய்வது அவ்வெட்டுக்களுள் ஒன்று சற்றுப் பெரிதாவதேயன்றி வேறன்று. வளர்ந்த குதிரையின் தாவோட்ட எட்டு ஏறத்தாழ 12 அடி. இரு தடைகளுக்கு இடையிலுள்ள தூரத்தை இக்கணக்கைக் கொண்டே அளக்கின்றார்கள். இங்கும் அளவுண்டு. வேகம் மிஞ்சினாற் பாய்ச்சல் தட்டையாகித் தண்டைத் தட்டிவிடும். உந்துதல் குறைந்தால் எழும்ப வலுவின்றி நின்றுவிடும். நாலுகாற் பாய்ச்சலில் தடை பாய்வது எல்லாவற்றுக்கும் கடைசிப் பாடம். அதனைப் பந்தயத்துக்கென வளர்க்கப்படும் குதிரைகள் கற்கின்றன. பல குதிரைகள் வாழ்நாளில் அதனைக் கற்கவேண்டிய தேவையே இல்லை.

குதிரையின் கண்

பழக்குபவர் மறக்கலாகாத இன்னொன்றும் உண்டு. குதிரை காணும் உலகம் நாம் காணும் உலகம் அன்று. அதன் கண்கள் தலையின் இரு பக்கங்களிலும் அமைந்தவை. தன்னைச் சுற்றி ஏறத்தாழ முழுவட்டத்தையும் அது காணும். ஆனால் நெற்றிக்கு நேர் முன்னே, மிக அருகில், ஒரு குருட்டிடம் உண்டு. தடையை அணுகி எழும்பும் கணத்தில் அத்தடை இந்தக் குருட்டிடத்துள் மறைந்துவிடுகின்றது. சில எட்டுக்கு முன்னர் கண்டதை மனத்தில் வைத்துக்கொண்டே அது பாய்கின்றது. தொலைவை மதிப்பிடத் தலையை உயர்த்தவும் தாழ்த்தவும் அதற்கு உரிமை வேண்டும். கடிவாளத்தை இழுத்துத் தலையைக் கட்டிப்போடுபவன் உண்மையில் அதன் கண்ணைக் கட்டுகின்றான்.

நிறத்திலும் வேறுபாடு உண்டு. நீலமும் மஞ்சளும் அதற்குத் தெளிவாகத் தெரியும். செம்மஞ்சளும் பச்சையும் ஒன்றுபோலவே தோன்றும். பச்சைப் புல்வெளியிலே செம்மஞ்சட் சட்டம் மனிதக் கண்ணைப் பறிக்கும். குதிரையின் கண்ணுக்கோ அது புல்லோடு புல்லாய்க் கரைந்துவிடும். பிரித்தானியாவிலே பந்தயத் தடைகளுக்கு நெடுங்காலம் செம்மஞ்சள் நிறமே பூசி வந்தார்கள். எக்செற்றர் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர் இதனை ஆராய்ந்து சொன்ன பின்னரே, 2022 ஆம் ஆண்டில் அதனை வெண்ணிறமாக மாற்றத் தொடங்கினர். நமக்குத் தெளிவாகத் தெரிகின்றது என்பதற்காக எதிரில் உள்ளவருக்கும் தெரிகின்றது என்று எண்ணிவிடுகின்றோம். எமக்கும் இத்தவறு நேர்ந்தது உண்டு.

மறுக்கும் குதிரை

இனி, எல்லாம் முறையாகச் செய்தும் குதிரை தடைக்கு முன்னே நின்றுவிட்டால் என்ன செய்வது? சவுக்கை எடுப்பது எளிது. தேர்ந்தவர்கள் முதலிற் சேணத்தைக் கழற்றி முதுகைத் தடவிப் பார்க்கின்றார்கள். பல்லைப் பார்க்கின்றார்கள். குளம்பைத் தூக்கிப் பார்க்கின்றார்கள். நோவு இருந்தால் அதற்கு மருந்து வேண்டும், அடி அன்று. நோவு இல்லையெனின், கேட்டது அதற்கு விளங்கிற்றா என்று பார்க்கின்றார்கள். அதுவும் அன்றெனின் அச்சமே காரணம். அச்சத்துக்கு ஒரே மருந்து, தண்டைக் கீழே இறக்குவது. தேவையானால் மீண்டும் வெறுந்தரைக்கே கொண்டுவருவது. குதிரை நேற்று மூன்றடி பாய்ந்ததே என்று வாதாடுவதிற் பயனில்லை. இன்று அது எங்கே நிற்கின்றதோ அங்கிருந்தே தொடங்க வேண்டும். எளிதில் முடியும் ஒன்றைச் செய்வித்து, கழுத்தைத் தட்டிக் கொடுத்து, அன்றைய பாடத்தை அத்துடன் நிறுத்திவிட வேண்டும். இளங்குதிரைக்கு வாரத்தில் இரு நாள், நாளுக்குக் கால் மணி நேரம் பாய்ச்சற் பயிற்சி போதும் என்பர்.

இம்முறையாற் பெற்ற பயனுக்குச் சான்றுகள் உண்டு. 1956 இல் அமெரிக்காவில் ஹாரி டி லேயர் என்னும் குதிரைப் பயிற்சியாளர், இறைச்சிக்காக லொறியில் ஏற்றப்பட்டிருந்த சாம்பல்நிற உழவுக் குதிரை ஒன்றை 80 டொலருக்கு வாங்கினார். அதற்குச் சினோமேன், அதாவது பனிமனிதன் என்று பெயரிட்டனர். முதலில் அது தரையிற் கிடந்த தண்டையே இடறிக்கொண்டு கடந்தது. அவர் அதனை அயலவர் ஒருவருக்கு விற்றபோது, அது வேலிகளைப் பாய்ந்து பாய்ந்து அவரிடமே திரும்பி வந்துவிட்டது. அதன் திறமை அப்போதுதான் தெரியவந்தது. பொறுமையாகப் பழக்கினார், 1958 ஆம் ஆண்டில் நாட்டின் மிகச் சிறந்த பாயுங் குதிரை என்ற பெயரை அது பெற்றது. மறு ஆண்டும் அப்பெயர் அதற்கே உரியதாயிற்று.

உயரம் பாய்தலில் உலக வரலாறு தென்னமெரிக்காவின் சிலி நாட்டுக் குதிரை ஒன்றுக்கு உரியது. 1900 இல் பாரிஸ் ஒலிம்பிக்கில் வென்ற குதிரைகள் பாய்ந்த உயரம் 1.85 மீற்றர். 1949 ஆம் ஆண்டு மாசி 5 ஆம் நாள், வீன்யா தெல் மார் நகரில், கப்டன் அல்பெர்த்தோ லறாகிபெல் செலுத்திய உவாசோ என்னும் குதிரை 2.47 மீற்றர் பாய்ந்தது. பந்தய ஓட்டத்திற் பயன்படாதென ஒதுக்கப்பட்ட குதிரை அது. அன்றும் முதல் இரு முயற்சிகளும் கைகூடவில்லை, மூன்றாவதிலேயே தாண்டியது. அந்த அளவை இதுவரை எக்குதிரையும் மிஞ்சவில்லை. அப்போது அதன் வயது 16 என்பதையும், அந்த ஒரு பாய்ச்சலுக்கு முன் ஆண்டுக்கணக்கான பயிற்சி இருந்ததென்பதையும் மாணவர் மனங்கொள்ள வேண்டும்.

எமது கணக்கு

நெடுந்தீவிற் கேள்வி கேட்ட மாணவனைப் பற்றிப் பின்னர் சொல்வோம் என்றோம். சொல்லாமல் விடுவது முறையன்று.

அவன் ஏழாந் தரத்திற் படித்தபோது கட்டுரை எழுதுவதில் வகுப்பிலே முதல்வன். அமைதியான பிள்ளை. அவ்வாண்டு நவராத்திரி விழாவிலே கலைமகள் பற்றிப் பேச அவனைத் தெரிவு செய்தவர் நாமே. அவன் தயங்கினான். "உன்னால் முடியும்" என்று முதுகில் தட்டினோம். பேச்சை நாமே எழுதிக்கொடுத்து மனனஞ் செய்வித்தோம். மண்டபம் நிறைந்த சபை. முன்வரிசையிலே அதிபரும் பிரதம விருந்தினரும் பெற்றோரும். மூன்றாம் வாக்கியத்தோடு அவன் நின்றுவிட்டான். மேடையின் ஓரத்தில் நின்று நாம் அடுத்த சொல்லை எடுத்துக் கொடுத்தோம். கேட்கவில்லையோ என்று உரக்கச் சொன்னோம். சபையில் யாரோ சிரித்தார்கள். பிள்ளை கைகூப்பிவிட்டு இறங்கிப் போனான்.

இரண்டு நாள் பாடசாலைக்கு வரவில்லை. மூன்றாம் நாள் அவனுடைய தாயார் வாயிலில் வந்து நின்று, "பிள்ளை வீட்டிலயும் வாய் திறக்கிறானில்லை, சேர்" என்றார். அவர் எம்மீது குறை சொல்லவில்லை. அதனாலேயே அச்சொல் எம்மை இன்றுவரை வருத்துகின்றது. ஆனால் அப்போது நாம் செய்தது என்ன? பயத்தைப் பயத்தால் வெல்லவேண்டும் என்று எண்ணி, அடுத்த பேச்சுப் போட்டிக்கும் அவன் பெயரை எழுதினோம். போட்டி நாளன்று அவன் வரவில்லை. அதன்பின் வகுப்பில் எழுந்து விடை சொல்வதையும் விட்டுவிட்டான்.

இரண்டு ஆண்டுகளின் பின் அவன் தானாகக் கேட்ட முதற் கேள்வி, ஆள் மேலே இருந்தால் குதிரை பாயுமா என்பது. கப்ரில்லியின் கதையைப் படித்த இரவு எமக்கு உறக்கம் வரவில்லை. எழும்பும் கணத்தில் வாரை இழுத்தது யார் என்பது எமக்குத் தெரியும்.

மறுநாள் தண்டைத் தரையிலே கிடத்தினோம். நூலகத்தில் அவனையும் அவன் நண்பர் மூவரையும் அழைத்து, பத்திரிகைத் தலைப்புக்களை ஆளுக்கு ஒன்றாக வாசிக்கச் சொன்னோம். நாம் வேறு மேசையில் இருந்து வேறு வேலை பார்த்தோம். இரு வாரங்களின் பின் செய்தி முழுவதையும் வாசித்தார்கள். பின்னர் காலைப் பிரார்த்தனையில் தேவாரம் பாடும் நால்வருள் ஒருவனாக அவன் நின்றான். தனியே நில் என்று சொல்லவில்லை.

வரும் நவராத்திரிக்கு அவனை மேடையேற்றப் போகின்றீர்களா என்று வீட்டிலே கேட்டார்கள். இல்லை என்றோம். அவன் கேட்டால் மேடை இருக்கின்றது. நாம் கேட்கப் போவதில்லை.

சென்ற வாரம் இக்கட்டுரையின் ஒரு பகுதியை வகுப்பில் வாசிக்க யார் விரும்புகின்றார்கள் என்று பொதுவாகக் கேட்டோம். சற்று நேரம் ஒருவரும் அசையவில்லை. பின்னர் பின்வரிசையில் அவன் எழுந்தான். கப்ரில்லி என்ற பெயர் வந்ததும் நா இடறியது. வகுப்பிற் சிலர் சிரித்தனர். சொல்லை எடுத்துக்கொடுக்க எம் வாய் திறந்தது, மூடிக்கொண்டோம். அவன் தாளைக் கண்ணருகே கொண்டுபோய்ப் பார்த்தான். தானும் சிரித்தான். பெயரை மீண்டும் முதலிலிருந்து, எழுத்தெழுத்தாக வாசித்துவிட்டு, அடுத்த வரிக்குச் சென்றான்.